ஜோஷுவா ட்ரீ ஹிடன் வேலியில் டென்ட் போட்டுத் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குள் ஹிடன் வேலி என்றொரு முகாம் இருக்கிறது. பெரிய பெரிய பாறைகளின் காலடியிலேயே டென்ட் போட்டுக்கொள்ளலாம். காலையில் ஜிப்பைத் திறந்தால் எதிர்ப் பாறையில் யாராவது கயிறு கட்டி ஏறிக்கொண்டிருப்பார்கள். முதல் முறை போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பாலைவனம் என்றதும் எல்லோரும் வெயிலுக்குத்தான் தயாராகிறார்கள். அங்கே தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றும் குளிரும்தான். அதனால் அந்த இரண்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த இடம் எங்கே இருக்கிறது? இதை ஏன் உயர் பாலைவனம் என்கிறார்கள்?

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே சுமார் 225 கிலோமீட்டர். பூங்காவுக்குள் இரண்டு பாலைவனங்கள் சந்திக்கின்றன. கிழக்கிலும் தெற்கிலும் இருப்பது தாழ்ந்த, வெப்பமான கொலராடோ பாலைவனம். மேற்கில் இருப்பது மொஹாவி. இது கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதால்தான் உயர் பாலைவனம் என்கிறார்கள். ஹிடன் வேலி முகாம் இன்னும் மேலே, ஏறக்குறைய 1,280 மீட்டரில் இருக்கிறது. பூங்காவுக்குப் பெயர் தந்த ஜோஷுவா மரங்கள் அடர்ந்திருப்பதும் இந்த மேட்டுப் பகுதியில்தான். இணையத்தில் வானிலை பார்க்கும்போது பாம் ஸ்பிரிங்ஸ் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது கீழே, பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். இரண்டுக்கும் பல டிகிரி வித்தியாசம் வரும்.

முகாமில் என்ன வசதிகள் இருக்கின்றன?

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மேசை, பெஞ்சு, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம். பொதுவில் குழிக் கழிப்பறைகள். அவ்வளவுதான். தண்ணீர்க் குழாய் கிடையாது, குளியலறை கிடையாது, மின்சாரம் கிடையாது, கடை கிடையாது. போனில் சிக்னலும் வராது. கை கழுவும் தண்ணீரையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். இது குறையாகத் தெரிந்தால் பூங்காவின் பிளாக் ராக் முகாமையோ காட்டன்வுட் முகாமையோ பாருங்கள். அங்கே குடிநீரும் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறையும் உண்டு. ஆனால் பாறைகள் இப்படித் தலைமாட்டில் நிற்காது.

முன்பதிவு செய்ய முடியுமா?

முடியாது. மொத்தம் 44 இடங்கள், முதலில் வருபவருக்கே இடம். பூங்காவில் பெரும்பாலான மற்ற முகாம்களை, ஜம்போ ராக்ஸ், ரயன், இந்தியன் கோவ் போன்றவற்றை, ஆறு மாதம் முன்பிருந்தே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஹிடன் வேலி, பெல், வொயிட் டாங்க் ஆகிய மூன்றும் அப்படி இல்லை.

அக்டோபர் முதல் மே வரையிலான சீசனில் வெள்ளிக்கிழமை மாலை வேலை முடித்துவிட்டுக் கிளம்பினால் இடம் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை இரவே போய்விடுவது நல்லது. முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் போய், காலி செய்கிறவர்களைக் கவனித்துக் காத்திருக்க வேண்டும். நண்பகலுக்குள் காலி செய்துவிட வேண்டும் என்பது விதி. அதனால் காலை எட்டு மணியிலிருந்து மெதுவாக ஒரு சுற்று வந்து, மூட்டை கட்டுகிறவர்களிடம் மரியாதையாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். டென்ட்டை மடிக்கும் ஆளின் தலைக்கு மேலேயே காரை நிறுத்திக்கொண்டு நிற்காதீர்கள்.

ஓர் இடத்தில் ஆறு பேர், மூன்று டென்ட், இரண்டு கார் வரை வைத்துக்கொள்ளலாம். பூங்காவுக்குள் நுழைய ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாளைக்குச் செல்லும். முகாம் கட்டணம் தனி.

இடமே கிடைக்காவிட்டால்?

சாலையோரத்திலோ மலைப்பாதை தொடங்கும் பார்க்கிங்கிலோ காருக்குள் தூங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அது தடை செய்யப்பட்டது, ரேஞ்சர் வந்து எழுப்புவார். பூங்காவுக்கு வெளியே, வடக்கிலும் தெற்கிலும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான திறந்த நிலங்கள் உண்டு. அங்கே கட்டணமில்லாமல் தங்கலாம். ஆனால் மேசை, கழிப்பறைகூட இருக்காது. அங்கே போகும் வழியை சிக்னல் இருக்கும்போதே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் போகலாம்?

என்னைக் கேட்டால் அக்டோபர் கடைசி முதல் நவம்பர் பாதி வரை. பகலும் இதம், காற்றும் வசந்த காலத்தைவிடக் குறைவு. மார்ச், ஏப்ரலில் பூக்கள் பூக்கும், அழகுக்குக் குறைவில்லை, கூடவே காற்றும் வரும். இந்த இரண்டு பருவங்களிலும் பகலில் 29 டிகிரி, இரவில் 10 டிகிரி என்பது சராசரிக் கணக்கு. குளிர்காலத்தில் பகலில் 15 டிகிரி இருந்தால் இரவில் உறைநிலைக்குப் போகும். சில நாள் பனியும் விழும். கோடையில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். குழந்தைகளோடு போகிறவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கமே போக வேண்டாம்.

எவ்வளவு தண்ணீர் கொண்டுபோக வேண்டும்?

ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்பது குறைந்தபட்சம். நடக்கவோ ஏறவோ போகிறீர்கள் என்றால் எட்டு லிட்டர். சமையலும் பாத்திரமும் இதில் சேராது. நான்கு பேர் கொண்ட குடும்பம் இரண்டு இரவு தங்கினால் குறைந்தது 60 லிட்டர் என்று கணக்கு வையுங்கள், நடக்கவோ ஏறவோ போனால் இன்னும் அதிகம்.

காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும். வியர்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே உடம்பு வற்றிப்போகும். மாலையில் தலை வலித்தால் முதலில் தண்ணீர் குடியுங்கள், கூடவே உப்புள்ள ஏதாவது சாப்பிடுங்கள். பூங்காவின் மேற்கு நுழைவாயிலில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் முகாமிலிருந்து அங்கே போய்வர நேரமாகும். ஊரிலேயே நிரப்பிக்கொண்டு வருவதுதான் சுலபம்.

காற்றுக்கு டென்ட் தாங்குமா?

சரியாகக் கட்டினால் தாங்கும். கடையில் வாங்கும்போது கூடவே வரும் மெல்லிய கம்பி முளைகள் இங்கே உதவாது. தரையின் மேல் அடுக்கு பாறை உதிர்ந்த பருமணல். முளையைக் கையாலேயே அமுக்கிவிடலாம், அதே சுலபத்தில் காற்று பிடுங்கிவிடும். சில இடங்களில் இரண்டு விரல் ஆழத்திலேயே கெட்டித் தரை வந்து முளை வளைந்துபோகும். அதனால் 20 சென்டிமீட்டருக்குக் குறையாத, பட்டையான முளைகளும் ஒரு சுத்தியலும் கொண்டுபோங்கள். முளையை நேராக அடிக்காமல், தலைப்பகுதி டென்ட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள்.

கட்டுக்கயிறுகளைப் பலரும் பையிலிருந்து எடுப்பதே இல்லை. இங்கே எல்லாவற்றையும் கட்ட வேண்டும். முளை பிடிக்காத மூலையில் தண்ணீர்க் கேனைக் கட்டிவிடலாம். 20 லிட்டர் கேன் 20 கிலோ எடை, நல்ல நங்கூரம். ஆனால் தண்ணீர் தீரத் தீர அதுவும் லேசாகிவிடும், ஞாபகம் இருக்கட்டும். புதர்களிலும் மரங்களிலும் கட்டக் கூடாது.

டென்ட்டின் தாழ்ந்த, குறுகலான பக்கம் காற்று வரும் திசையைப் பார்க்க இருக்கட்டும். பாறைக்குப் பின்னால் ஒதுங்கினால் காற்றே இருக்காது என்று எல்லோரும் நினைப்பார்கள். பாதி உண்மை. இரண்டு பாறைகளுக்கு நடுவிலுள்ள சந்தில் காற்று குவிந்து இன்னும் வேகமாக வரும். இடம் பிடித்ததும் ஐந்து நிமிடம் சும்மா நின்று பார்த்துவிட்டு அப்புறம் டென்ட்டை விரியுங்கள்.

உள்கூடு முழுவதும் வலைத்துணியாக இருக்கும் டென்ட்களில் ஒரு தொல்லை உண்டு. காற்று பலமானால் வெளித்துணிக்கு அடியில் புகுந்து, வலை வழியாகப் பொடிமணலைச் சலித்துக் கொட்டும். காலையில் முகத்திலும் தலையணையிலும் மாவு சலித்துப் போட்டதுபோல் கிடக்கும். பாதி வரையாவது துணியுள்ள உள்கூடு இருந்தால் நல்லது. ஜிப் பல்லில் மணல் ஏறினால் இழுக்காதீர்கள், பழைய டூத் பிரஷால் தட்டிவிட்டுப் பிறகு இழுங்கள்.

பகலில் வெளியே போகும்போது, பலத்த காற்று என்று முன்னறிவிப்பு இருந்தால் கம்பங்களை உருவி, டென்ட்டைத் தரையோடு படுக்கவைத்து, உள்ளே பாரம் வைத்துவிட்டுப் போங்கள். ஆளில்லாத டென்ட் உருண்டு போய் முள்ளில் சிக்கினால் கிழிந்து நாராகிவிடும்.

மழைத்தண்ணீர் ஓடிய மணல் தடத்தில் டென்ட் போடவே வேண்டாம். எங்கேயோ தூரத்தில் பெய்யும் மழை திடீர் வெள்ளமாக இங்கே வரும்.

இரவுக் குளிருக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

நவம்பர் முதல் மார்ச் வரை போவதானால் மைனஸ் 7 டிகிரிக்கான ஸ்லீப்பிங் பேக். அதைவிட முக்கியம் கீழே விரிப்பது. குளிர் தரையிலிருந்துதான் உடம்பில் ஏறும். காற்றடைத்த மெத்தை மட்டும் போதாது, முள் குத்தினால் அத்தோடு போச்சு. அதற்கு அடியில் மடக்கும் ஃபோம் பாய் ஒன்று போட்டால் குளிரும் தடுபடும், மெத்தையும் பிழைக்கும்.

காலையில் ஸ்டவ் எரியவில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள். சிலிண்டரில் இருப்பது சாதாரண பியூட்டேன் என்றால் உறைநிலைக்குப் பக்கத்தில் அது ஆவியாகாது. ஐசோபியூட்டேனும் புரொபேனும் கலந்த சிலிண்டர் வாங்குங்கள். அதையும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்கினால் காலைக் காப்பிக்குத் தடை இருக்காது. குடிதண்ணீர் பாட்டில் ஒன்றையும் கூடவே உள்ளே வையுங்கள், வெளியே வைத்தது உறைந்திருக்கலாம். டென்ட்டுக்குள் மட்டும் ஸ்டவ்வையோ கரி அடுப்பையோ பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமலே ஆளைக் கொன்றுவிடும்.

விறகு பொறுக்கலாமா?

கூடாது. காய்ந்து விழுந்த குச்சியையும் எடுக்கக் கூடாது. விறகை ஊரிலேயே வாங்கி வந்து, இரும்பு வளையத்துக்குள் மட்டும் எரிக்க வேண்டும். வெப்பமும் காற்றும் அதிகமான காலங்களில் நெருப்புக்கே தடை போடுவார்கள், போகும் முன் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிருகங்கள் வருமா? பாம்பு, தேள்?

கொயோட் வரும். ஓநாய் இனம், நாய் அளவு. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சாப்பாடு கொடுக்காதீர்கள். ஒரு முறை ருசி கண்டால் அது முகாமையே சுற்றும், கடைசியில் அதன் உயிருக்குத்தான் ஆபத்து. அண்டங்காக்கைகளும் தரை அணில்களும் பையைத் திறக்கத் தெரிந்தவை. சாப்பாடு, டூத் பேஸ்ட், குப்பை எல்லாம் காருக்குள் இருக்கட்டும்.

எதிர்பாராதது தேனீ. வெயில் ஏறினால் ஈரம் தேடி வரும். கழுவின பாத்திரம், வியர்த்த டி-ஷர்ட், கார் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், எதில் ஈரம் இருந்தாலும் மொய்க்கும். விசிறி விரட்டாதீர்கள். ஈரத்தைத் துடைத்து, கேன்களை மூடி, கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் தானாகப் போய்விடும். தேனீ கொட்டினால் ஒவ்வாமை வரும் ஆள் என்றால் மருந்தில்லாமல் இங்கே வரக் கூடாது.

 பாம்புகளில் இங்கே கவனிக்க வேண்டியது வாலில் கிலுகிலுப்பை உள்ள ராட்டில் ஸ்னேக். பார்க்காமல் பாறை இடுக்கில் கை விடாதீர்கள், இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், ஷூவைக் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள். தேளுக்கும் அதே போதும்.

சோயா (cholla) என்ற கள்ளிச்செடியின் முள் உருண்டை தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் ஏறும். ஒரு சீப்பைத் தோலுக்கும் உருண்டைக்கும் நடுவில் விட்டுச் சுண்டிவிட வேண்டும். மிச்ச முள்ளுக்கு இடுக்கி.

எனக்குப் பாறை ஏறத் தெரியாது. போகலாமா?

தாராளமாக. ஆனால் அந்த உலகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது இரண்டு மடங்கு சுவையாக இருக்கும்.

இந்தப் பாறை மான்சோகிரானைட் என்ற கருங்கல் வகை. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமிக்கடியில் குழம்பாக இருந்து இறுகியது. இறுகியபோது நெட்டுக்கும் குறுக்குக்கும் விரிசல் விட்டது. மண்ணுக்குள் இருந்த காலத்தில் நிலத்தடி நீர் அந்த விரிசல்களின் ஓரங்களை அரித்து உருட்டியது. பிறகு மேல் மண் அடித்துச் செல்லப்பட, அடுக்கி வைத்த குண்டுக் கற்களாக வெளியே வந்தது. கையை வைத்துப் பாருங்கள், உப்புத்தாள்போலச் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்பில்தான் ஷூ பிடிக்கிறது, அதே சொரசொரப்புதான் விரல் தோலை உரிக்கிறது. விரிசலுக்குள் முஷ்டியைத் திணித்து ஏறுகிறவர்கள் கை முழுக்க டேப் சுற்றியிருப்பது அதற்குத்தான்.

பாறையேற்றத்துக்குப் பேர் போன யோசமிட்டி தேசியப் பூங்காவில் பனி மூடும் குளிர்காலத்தில் அங்கே ஏறுகிறவர்கள் பயிற்சிக்கு இங்கே வந்துதான் இந்த இடம் பேர் வாங்கியது. 1970களில் ஸ்டோன்மாஸ்டர்ஸ் என்று அழைத்துக்கொண்ட ஓர் இளைஞர் கூட்டம் இங்கே குளிர்காலங்களைக் கழித்தது. அவர்களில் ஜான் பாச்சர் கயிறே இல்லாமல் ஏறுவதில் பேர் போனவர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லின் ஹில்லும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். இன்றைக்குப் பூங்கா முழுக்க ஆயிரக்கணக்கான ஏறுதடங்கள் இருக்கின்றன. ஓல்ட் வுமன், பிளாப், சிம்னி ராக் மூன்றும் முகாமுக்குள்ளேயே இருக்கின்றன, இன்டர்செக்‌ஷன் ராக் வாசலில் நிற்கிறது. ஓல்ட் வுமனில் உள்ள டபுள் கிராஸ் என்ற விரிசல் தடம் 5.7 தரம் (ஏறுவது எவ்வளவு கடினம் என்பதற்கான அமெரிக்க அளவு; 5.7, 5.8, 5.9, 5.10 என்று ஏற ஏறக் கடினம் கூடும்). எண்ணைப் பார்த்தால் சுலபம் என்று தோன்றும், ஆனால் விபத்துகளுக்குப் பேர் போனது. ஜிம்மில் 5.10 ஏறுகிறவர்களும் இங்கே அடக்கத்தோடு தொடங்குவது நல்லது.

சீசனில் சனி, ஞாயிறு காலைகளில் பாறையேற்றத்துக்கான ரேஞ்சர்கள் முகாமுக்கே வந்து இலவசமாகக் காப்பி கொடுப்பார்கள். கிளைம்பர்ஸ் காஃபி என்று பெயர். கோப்பையை மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும். ஏறத் தெரியாதவர்களும் போகலாம், கேள்வி கேட்கலாம். ஏறிப் பார்க்க ஆசை வந்தால் பூங்காவின் அனுமதி பெற்ற வழிகாட்டிகளை மட்டும் அமர்த்துங்கள்.

ஏறுகிறவர்கள் பக்கத்தில் எப்படி நடந்துகொள்வது?

சத்தம்தான் முதல் விஷயம். மேலே ஏறுகிறவரும் கீழே கயிறு பிடிப்பவரும் பல சமயம் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. "டேக்", "ஸ்லாக்" என்று கத்துவதை வைத்துத்தான் கயிற்றை இழுப்பதும் விடுவதும். நீங்கள் வைக்கும் பாட்டு அந்தக் குரலை மறைத்தால் அது உயிர் விஷயம். கயிற்றை மிதிக்காதீர்கள், மணல் துகள் நாருக்குள் ஏறி அறுக்கும். ஏறுகிறவர்களுக்கு நேர் கீழே நாற்காலி போடாதீர்கள். "ராக்!" என்று சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்காமல் தலையை மறைத்துக்கொண்டு பாறையோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம். விடிவதற்கு முன் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர் ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவார்கள்.

குழந்தைகள் பாறையில் விளையாடலாமா?

விளையாடட்டும், அதற்குத்தானே வருகிறோம். ஆனால் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம். இங்கே நடக்கும் மீட்புப் பணிகளில் கயிறில்லாமல் சும்மா ஏறிப் பார்த்தவர்களும் உண்டு. "இறங்கிக் காட்டிவிட்டு அடுத்த அடி ஏறு" என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாறையும் ஒரே மாதிரி இருப்பதால் வழி தவறுவதும் சுலபம். ஆளுக்கொரு விசில் கழுத்தில் தொங்கட்டும். தொலைந்தால் நடக்காமல், இருந்த இடத்திலேயே நின்று ஊதச் சொல்லிக்கொடுங்கள்.

நாயைக் கூட்டிப் போகலாமா?

முகாமுக்குள் ஆறடிக்கு மிகாத கயிற்றில். நடைபாதைகளில் அனுமதி இல்லை, காரில் பூட்டிவிட்டுப் போவது ஆபத்து. வீட்டில் விட்டு வருவதே நாய்க்கு நல்லது.

மரத்தில் ஹேமக் கட்டலாமா?

கூடாது. ஜோஷுவா மரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். ஆள் உயர மரத்துக்கே பல பத்தாண்டு வயது இருக்கும். 2018 டிசம்பரில் மத்திய அரசின் அலுவல்கள் முடங்கி ரேஞ்சர்கள் குறைந்திருந்த வாரங்களில், சிலர் சாலையை விட்டு வண்டி ஓட்டி மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனார்கள். அந்த இடத்தில் அதே உயரத்துக்கு இன்னொரு மரம் வர நம் ஆயுள் போதாது. மேற்கத்திய ஜோஷுவா மரத்தைக் காக்க 2023இல் கலிஃபோர்னியா தனிச் சட்டமே போட்டது.

தரையிலும் இதே கதை. கறுப்பாக, பொருக்குப் பொருக்காகத் தெரியும் மண்ணில் நுண்ணுயிர்கள் பின்னிப் பிணைந்து மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு மிதியில் நொறுங்கும், ஆற ஆண்டுகள் ஆகும். கழிப்பறைக்குக் குறுக்கு வழி போடாமல் ஏற்கெனவே இருக்கும் தடத்திலேயே நடங்கள்.

நட்சத்திரம் நன்றாகத் தெரியுமா?

அமாவாசையை ஒட்டிப் போனால் பால்வீதி கண்கூடாகத் தெரியும். 2017இல் இது சர்வதேச இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தலையில் மாட்டும் விளக்கைச் சிவப்பு வெளிச்சத்தில் வையுங்கள், டென்ட்டைச் சுற்றி சீரியல் விளக்கு தொங்கவிடாதீர்கள். டிசம்பர் பாதியில் ஜெமினிட் விண்கற்கள் பொழியும் இரவுகளில் இங்கே தங்கக் கிடைத்தால் குளிரைப் பொருட்படுத்தாமல் போங்கள்.

அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது?

இன்டர்செக்‌ஷன் ராக் பார்க்கிங்கில் அவசர போன் ஒன்று இருக்கிறது. முகாமிலிருந்து நடந்தே போகலாம். வந்து இறங்கியதும், வெளிச்சம் இருக்கும்போதே, அது எங்கே என்று குடும்பத்தில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். திரும்பி வரும் நேரத்தை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கிளம்பும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

சாம்பலில் தண்ணீர் ஊற்றி, கிளறி, புறங்கையை மேலே காட்டிச் சூடு இல்லை என்று பாருங்கள். முளைகளை எண்ணிப் பையில் போடுங்கள், மணலில் புதைந்தது கண்ணுக்குத் தெரியாது. டென்ட்டை உதறிவிட்டு மடியுங்கள், ஒட்டியிருக்கும் பருமணல் துணியின் பூச்சைத் தேய்த்துவிடும்.

வெயில் இதமாக இருக்கும் மாதங்களில் காரைக் கிளப்பும் முன் குனிந்து அடியில் பாருங்கள். பாலைவன ஆமை நிழலுக்கு டயர் ஓரமாக வந்து படுத்திருக்கும். இருந்தால் கையால் தூக்காதீர்கள். பயந்தால் சிறுநீரை விட்டுவிடும். வறண்ட மாதங்களுக்காக அது உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் தண்ணீரே அதுதான். அது தானாக நகரும் வரை காத்திருங்கள். நண்பகலைத் தாண்டும்போல இருந்தால் ரேஞ்சரிடம் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.